நாளொன்றுக்கு அரைக் கிலோ

வெளிநாட்டுக்காரர்களிடம் வாங்கிய கடனை இனிமேல் கட்ட முடியாது என்று அரசாங்கம் ரேடியோவில் கையை விரித்த அதே நாள், மலையில் பகல் தேயிலைக் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த அதே பன்னிரண்டு மணிக்கு, மயில்பாறைத் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீடுகளில் ஏழாவது காம்பராவில் யோகேஸ்வரிக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது, பிறந்த பிள்ளையை மருத்துவச்சியால் தூக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறிக்கு டீசல் இல்லாததால் இரண்டு மைல் மூச்சிரைக்க நடந்து வந்தவள் அவள், அந்தக் களைப்பாக இருக்கும் என்று நினைத்துப் புடவையைச் சொருகிக்கொண்டு இரண்டு கையாலும் முயன்று பார்த்தாள், பிள்ளை அசையவில்லை. "என்னாடி இது, கல்லையா பெத்து வச்சிருக்க?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் கட்டிலின் இரண்டு கால்கள் முறிந்தன, யோகேசு ஒரு பக்கம் சரிந்தாள், பிள்ளை மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி கை விரலைச் சப்பிக்கொண்டு கிடந்தது.

பார்ப்பதற்கு எல்லாப் பிள்ளையும் மாதிரிதான் இருந்தது. தலை நிறைய முடி, சுருங்கின நெற்றி, அப்பன் தியாகுவின் மூக்கு. கையையும் காலையும் அதுவாக ஆட்டுகிற ஆட்டத்தைப் பார்த்தால் பஞ்சு மாதிரிதான் தெரியும், அடுத்தவர் கை வைத்தால்தான் அம்மிக்கல். தியாகு கருவாடு சுற்றிவந்த பத்திரிகைத் தாளைப் பிரித்து, 'இனிப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் நாட்டின் கடனில் தன் பங்கைச் சுமந்தே பிறக்கும்' என்று எழுத்துக் கூட்டி வாசித்தான். வாசலில் நின்ற சனம் "அட, அப்பிடிச் சொல்லுங்க" என்று நிம்மதியாக மூச்சுவிட்டது, ஏனென்றால் பேய் பிசாசு என்றால்தான் பயம், கடன் என்றால் அந்த லயத்தில் யாருக்குத்தான் பழக்கமில்லை.

அப்புறம் அதைப் பற்றி யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. கீழ்ப் பிரிவில் ஒரு ஆண் பிள்ளை இதே மாதிரி தரையோடு கிடக்கிறது என்றார்கள், டவுன் ஆஸ்பத்திரியில் தொட்டில்களை எடுத்துவிட்டுச் சீமெந்தில் மேடை கட்டுகிறார்கள் என்றார்கள், கொழும்பில் வசதியான வீடுகளில் பிள்ளை தூக்குவதற்கென்றே மூன்று நான்கு பேரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள், அந்த வேலைக்கு நம் பொடியன்கள்தான் போயிருக்கிறார்கள் என்றும் பேசிக்கொண்டார்கள். ஆறு வருடம் பிள்ளையில்லாமல் இருந்த யோகேசு, பிள்ளை பிறந்தால் எடைக்கு எடை சீனி போடுகிறேன் என்று மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தாள், இப்போது சீனி கண்ணுக்கே தெரியாத காலத்தில் பிள்ளையோ ஐம்பத்தொன்பது கிலோ. பூசாரி வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "நீ கவலப்படாத ஆத்தா, அம்மாகிட்ட நான் தவணை கேட்டுக்கிறேன்" என்றார்.

டொலர் ஏறினால் பிள்ளையும் ஏறியது. அதைக் கண்டுபிடித்தவர் கடை முதலாளி சண்முகநாதன்தான். காலையில் பல்லைத் துலக்கியபடியே ஏழாம் காம்பரா வாசலில் வந்து நின்று, பிள்ளைக்குக் கீழே தரை எத்தனை விரல் இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போய்த்தான் கோதுமை மாவுக்கு அன்றைய விலையைச் சொல்லுவார். மா வாங்க வரும் பெண்கள் போகிற போக்கில் எட்டிப் பார்த்து, "ஏண்டி மதுஷாக் குட்டி, இன்னைக்குக் கொஞ்சம் எறங்கிக் குடுத்தா என்ன, கொறைஞ்சா போயிருவ?" என்று கொஞ்சுவார்கள், பிள்ளை பொக்கை வாயால் சிரிக்கும், மா விலை இறங்காது.

எல்லாருக்கும் எல்லாம் பழகிவிட்டது, யோகேசுவுக்குத்தான் பழகவில்லை. பெற்றவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது, பிள்ளையை ஒரு தடவை தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்து வாசலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் நடக்க வேண்டும். அவ்வளவுதான். பால் கொடுக்கத் தரையில் பிள்ளை பக்கத்தில் ஒருக்களித்துப் படுப்பாள், அது குடிக்கிற சுகத்தில் மாரில் கையை வைக்கும், வைத்த இடமெல்லாம் கன்றிப்போய் அவள் நெஞ்சு முழுக்கக் குட்டிக் குட்டியாக ஐந்து விரல் அச்சு ஊதா நிறத்தில் கிடந்தது. வலிக்கவில்லையா என்று தியாகு கேட்டால், "எம்புள்ள என்னத் தொடுறதுக்கு நான் அழுவேனா?" என்பாள், சொல்லிவிட்டு அழுவாள்.

பிள்ளைக்கு இரண்டரை மாதம் நடக்கையில் ஒரு நல்ல செய்தி வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் மனமிரங்கி, பழைய கடனைச் சமாளிக்கப் புதுக்கடன் தருவதற்குச் சம்மதித்துவிட்டார்கள் என்று ரேடியோ சொன்னது, டவுனில் வெடி கொளுத்தினார்கள், தோட்டத்திலும் இரண்டு சரம் வெடித்தது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் ஏழாம் காம்பராவில் தரை 'படக்'கென்று பிளந்தது, பிள்ளை ஒரு சாண் உள்ளே போனது. தியாகு பதறிப்போய் நான்கு ஆட்களைக் கூட்டி வந்து கடப்பாரையும் பலகையும் வைத்து நெம்பி எடுத்தான், பேக்டரியில் தேயிலை மூட்டை நிறுக்கிற பழைய மேடைத் தராசை இரவல் வாங்கி வந்து அதன்மேல் பழம்புடவையை நாலாக மடித்துப் போட்டுப் பிள்ளையைப் படுக்க வைத்தார்கள், அந்த இரும்பைத் தவிர அவளைத் தாங்கக்கூடியது லயத்தில் வேறு ஒன்றும் இல்லை. முள் ஓடிப் போய் அறுபத்துநான்கில் நின்றது. அன்றிலிருந்து மதுஷாவுக்குத் தராசுதான் தொட்டில்.

மூன்றாம் மாதம் யோகேசு வேலைக்குத் திரும்பினாள். மற்ற பெண்கள் கைப்பிள்ளைகளைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள், மடுவத்தைப் பார்க்கிற ரோஸ்லின் அங்கே ஏணை கட்டி ஆட்டிவிடுவாள். மதுஷாவையும் நான்கு பேராகப் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய் விடுகிறோம் என்று ஆண்கள் சொன்னபோது யோகேசு, "நாலு பேர் தூக்கிட்டுப் போறத எங்கண்ணால பாக்க மாட்டேன்" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். ரோஸ்லின்தான் மணிக்கொரு தரம் ஓடி வந்து பார்த்துவிட்டுப் போனாள். யோகேசு பத்து மணிக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி, மறுபடி ஏறி, வியர்த்து விறுவிறுத்து நிரையில் சேருவதற்குள் கொழுந்து குறைந்துவிடும், குறைந்தால் அரைப் பேர், அரைப் பேர் என்றால் பாதிச் சம்பளம்.

அப்படி ஒருநாள் அந்திக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வரிசையில் நின்றபோதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அவள் பை பதினெட்டு கிலோ காட்டியது. வேலாயுதம் கணக்கப்பிள்ளை எல்லாருக்கும் சொல்லுகிற மாதிரி, தலையைத் தூக்காமல், "பதினெட்டு. சாக்குக்கும் ஈரத்துக்கும் மூணு கழிவு. பதினஞ்சு" என்று பாடிக்கொண்டே எழுதினார். இருபது வருடமாக அவள் காதில் விழுகிற பாட்டுத்தான் அது, மழை பெய்யாத மாசியிலும் ஈரத்துக்கு மூன்று கழியும், வயிறு எரியும், வாய் திறக்க முடியாது. ஆனால் அன்றைக்கு அவள், தன் கையால் பறித்த மூன்று கிலோவை இந்த மனுசன் வாயால் சொன்னதும் அது உலகத்திலேயே இல்லாமல் போய்விடுகிறதே, அது எப்படி என்று நினைத்தாள். எல்லாரும் போனபிறகும் அவள் போகவில்லை.

"என்ன யோகேசு, கழிவு கூடிப்போச்சா?" என்றார் கணக்கப்பிள்ளை. கெட்ட மனுசன் இல்லை, மேலே உள்ளவர்களுக்குப் பயந்தவர்.

"இல்லீங்க ஐயா. நீங்க கழிச்சா கழியுதுங்கல்ல. எம்புள்ளைக்கும் கொஞ்சம் கழிச்சு விடுங்கய்யா."

அவர் சிரிக்கப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. "கொழுந்துக்குக் கழிக்கிறது வேற, புள்ளைக்குக் கழிக்கிறது வேறம்மா. அதோட, செக்ரோல்ல பேர் இல்லாத ஆளுக்கு நான் எப்பிடிக் கழிக்கிறது?"

"அப்ப பேர எழுதிக்கங்க. மதுஷா. யோகேஸ்வரி மக மதுஷா. ஏழாம் காம்பரா."

மூன்று மாதப் பிள்ளையின் பெயர் அப்படித்தான் வேலையாட்கள் பேர் எழுதுகிற செக்ரோல் புத்தகத்தில் ஏறியது. மறுநாள் ஐந்து மணிக்கு அவர் புத்தகத்தோடு ஏழாம் காம்பராவுக்கு வந்தார், லயமே வாசலில் திரண்டது. பிள்ளை என்பதால் மூன்று கழிக்க அவருக்குக் கை வரவில்லை, குரலைச் செருமிக்கொண்டு, "அறுபத்துநாலு. ஈரத்துக்கு அரை கழிவு. அறுபத்துமூணரை" என்றார். எழுதி முடித்துப் பேனாவைத் தூக்கியதும் முள் மெல்ல நடுங்கி அறுபத்துமூன்றரைக்கு இறங்கியது. ஐயோ, அன்றைக்கு அந்த லயம் பட்ட சந்தோசம்! குலவையிட்டார்கள், கணக்கப்பிள்ளைக்குச் சீனி இல்லாத தேத்தண்ணி கொடுத்தார்கள். தியாகு விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "நாளுக்கு அரைன்னா, இன்னும் நாலு மாசத்துல நீ தூக்கிரலாம் யோகேசு" என்றான். அவள் அந்த நிமிடமே இடுப்பில் கையை வளைத்து வைத்துக்கொண்டு ஒரு தடவை நடந்து பார்த்தாள்.

ஆறு நாள் கழித்தார்கள், மூன்று கிலோ இறங்கியது. ஆறாம் நாள் அந்தியில் கணக்கப்பிள்ளை எழுதிவிட்டுப் போனபிறகு, பிள்ளையின் கை வளையல் தானாகக் கழன்று தராசில் உருளுவதை ரோஸ்லின் பார்த்தாள். மடுவத்துப் பிள்ளைகளின் கையைச் சுற்றிச் சத்துக்குறைவு பார்க்கிற மூன்று நிற நாடா அவள் பையில் எப்போதும் இருக்கும். எடுத்துச் சுற்றினாள், நாடா பச்சையைத் தாண்டி, மஞ்சளையும் தாண்டிச் சிவப்பில் நின்றது.

"பால் குடிக்குதா?"

"எந்நேரமும் குடிக்குது அக்கா. பொறந்தப்ப எப்பிடி இருந்துச்சோ அப்பிடி ஆகிட்டா. நான் கடன் எறங்குதுன்னு..." யோகேசு பாதியில் நிறுத்திவிட்டாள். பிள்ளையின் கை அவள் புறங்கையில் கிடந்தது, நூல் மாதிரி மெலிந்த விரல்கள், ஆனால் பாரம் அதே பாரம், இம்மியும் குறையவில்லை.

ரோஸ்லின் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "யோகேசு, அந்தத் தராசு என்னைக்காச்சும் தோட்டத்துப் பங்குல கழிச்சிருக்கா? நம்ம பங்குலதானடி கழிக்கும். கடன் அப்பிடியே இருக்கு. எறங்கினது புள்ள."

யோகேசு வெறுங்காலோடு ஓடிப்போய்க் கணக்கப்பிள்ளை வீட்டு வாசலில் நின்று, கழித்ததைத் திருப்பி எழுதுங்கள், என் பிள்ளையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கத்தினாள். கணக்கப்பிள்ளை பேயறைந்தவர் மாதிரி நின்றார். "கழிச்சதத் திருப்பி எழுதுற பக்கமே இந்தப் புத்தகத்துல இல்லையே தாயி" என்றார். "நிப்பாட்டவும் ஏலாது. சந்தாவுக்கு, கோயிலுக்கு, சேமநிதிக்குன்னு ஒரு தடவ கழிவுன்னு ஏறினா அது பாட்டுக்குக் கழிஞ்சுக்கிட்டே இருக்கும், உனக்குத் தெரியாதா? நான் எழுதாட்டியும் நாளைக்கு அரை கழியும்." சொல்லிவிட்டு அந்த மனுசன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழுகிறவரை என்ன செய்வது?

வழி சொன்னவள் ரோஸ்லின்தான். மலையில் ஒருத்திக்குக் கொழுந்து குறைந்து அரைப் பேர் ஆகப்போகிறது என்றால், பக்கத்து நிரைக்காரி தன் பையிலிருந்து இரண்டு கிலோ அள்ளி அவள் பேரில் போட்டு முழுப் பேராக்குவது எல்லாத் தோட்டத்திலும் உள்ள வழக்கம், தோட்டத்துத் துரைக்குத் தெரிந்தாலும் கண்டுகொள்ள மாட்டார். அதையே செய்யலாம், யாராவது தன் எடையிலிருந்து பிள்ளைக்கு மாற்றிப் போடலாம். கணக்கப்பிள்ளை "யோகேஸ்வரி பேர்ல அரை எடுத்து மதுஷா பேர்ல" என்று எழுதினார், பிள்ளையின் கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்தது, யோகேசுவுக்குக் காலடியில் என்னவோ விட்டுப்போன மாதிரி இருந்தது.

லயத்துப் பெண்கள் நல்லவர்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். போன மூன்று கிலோவையும் முதல் வாரத்திலேயே ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு நிரப்பினார்கள். அதற்குப் பிறகு அன்றாடம் கழிகிற அரைக்கு முறை வைத்துக்கொண்டார்கள், திங்களுக்கு முதல் காம்பரா, செவ்வாய்க்கு இரண்டாம் காம்பரா என்று சுவரில் கரியால் எழுதினார்கள், அந்தி ஐந்து மணிக்குக் கொழுந்து நிறுத்த கையோடு வந்து, "ம், என் பேர்ல எடுங்க ஐயா" என்று தராசு ஓரத்தில் நிற்பார்கள். ஆனால் மா விலை ஏறிக்கொண்டே போனது. ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டவர்கள் இரண்டு வேளையை விட்டார்கள், ஒருத்திக்கு மலையில் மயக்கம் வந்தது, இன்னொருத்திக்குப் பால் வற்றியது, மூன்றாமவள் வாசல் வழியாகப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போனாள். யோகேசு யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கரி எழுத்தை அவளே புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, ஏழு நாளுக்கும் தன் பேரைச் சொன்னாள். தியாகு என் பேரில் எடுங்கள் என்று சண்டைக்கே வந்தான். "நீங்களும் எளைச்சுட்டா தண்ணிக் கான் வெட்டப் போறது யாரு, சோத்துக்கு என்ன செய்யிறது?" என்று கேட்டு அவனை அடக்கிவிட்டாள்.

நாற்பத்தாறு கிலோ இருந்தவள். மெலியவில்லை, அதுதான் வேடிக்கை, கண்ணாடியில் பார்த்தால் அதே யோகேசுதான், எடை மட்டும்தான் போய்க்கொண்டிருந்தது. முப்பது கிலோவில் மலை ஏறுவது சுகமாகத்தான் இருந்தது, பெண்கள்கூட "என்னடி பறந்து வர்ற?" என்று கேலி பண்ணினார்கள். இருபதில் காற்று அவளைத் தேயிலைச் செடிமேல் தள்ளியது. பத்தில் இடுப்பில் சுற்றும் படங்குத் துணிக்குள் கல்லைக் கட்டிக்கொண்டு நிரையில் நின்றாள், கங்காணி பார்த்துவிட்டு, கொழுந்துப் பையைவிட ஆள் எடை குறைந்தால் வேலை தரச் சட்டமில்லை என்று நிரையிலிருந்து திருப்பி அனுப்பினார். அதன்பிறகு அவள் காம்பராவை விட்டு வெளியே வரவில்லை. கணக்கப்பிள்ளை மட்டும் ஐந்து மணிக்கு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதிவிட்டுப் போனார். நடுவில் ஒருநாள் நாட்டு நிலைமை தேறிவிட்டது, தவணைகளை ஒழுங்காகக் கட்டத் தொடங்கிவிட்டோம் என்று ரேடியோ சொன்னது, முள் அறுபத்தெட்டில் நின்றது.

அரைக் கிலோ மிஞ்சியிருந்த நாளில் ஆடிக் காற்று லயத்துத் தகரங்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. மதுஷா குப்புற விழுந்து, தலை நிமிர்த்தி, 'ம்மா' மாதிரி ஒன்று சொல்லப் பழகியிருந்தாள், நல்ல கொழுகொழுப் பிள்ளை. கதவிடுக்கில் காற்று புகுந்ததும் யோகேசுவின் கால் தரையைவிட்டுக் கிளம்பியது, அவள் சுவரைப் பிடிக்கப் பார்த்துப் பிடி கிடைக்காமல் கூரைப் பக்கம் போனவள், கீழே நீட்டியிருந்த பிள்ளையின் கையைத்தான் கடைசியில் எட்டினாள். பிள்ளை அவள் சுட்டுவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அந்தப் பாரத்தில் அவள் நின்றாள், இல்லை, நிற்கவில்லை, துணி காய்கிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தாள்.

தியாகு வேலைவிட்டு வந்து பார்த்தபோது மணி நாலரை. "ஒண்ணும் இல்லீங்க, பயப்படாதீங்க" என்றாள் யோகேசு மேலிருந்து. "எம்புள்ளதான் புடிச்சிருக்கா. எவ்வளவு நேரமா புடிச்சிருக்கா பாருங்க."

"கணக்கப்பிள்ளை வர இன்னும் அரை மணித்தியாலம் இருக்கு. இன்னைக்கு என் பேர்லதான். நீ ஒண்ணும் பேசக் கூடாது."

பிள்ளைக்குக் கண் சொருகிக்கொண்டு வந்தது. தூக்கம் வந்தால் எந்தப் பிள்ளைக்கும் பிடி தளரும், மதுஷாவின் விரல்கள் ஒவ்வொன்றாக விரியத் தொடங்கின. தியாகு தாவி யோகேசுவின் புடவைத் தலைப்பை இழுத்துப் பிள்ளையின் கணுக்காலில் ஒரு சுற்று சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டான்.

"இறுக்காதீங்க" என்றாள் யோகேசு. "புள்ளைக்கு வலிக்கும்."

அவன் முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தினான்.